ஆசனவாய்: வெட்கம் வேண்டாம்... எச்சரிக்கை வேண்டும்!

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். உடுமலைப்பேட்டையில் என் வைத்தியசாலையைச் சாத்தலாம் என்று எழுந்தேன். வெளியே பெஞ்சில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதே வாரத்தில் இரண்டு முறை வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்தான்.

"மூலமுங்க டாக்டரு... ரத்தம் போகுது. ஏதாச்சும் லேகியம் குடுங்க, போயிர்றேன்."

பார்க்காமல் லேகியம் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. படுக்கச் சொல்லிப் பார்த்தேன். மூலம் இல்லை. புதிதாகக் கிழிந்த வெடிப்பு. முக்கி முக்கி மலம் கழித்து வந்த வெடிப்பு மாதிரியும் தெரியவில்லை. "என்ன நடந்துச்சு? எங்கிட்டச் சொல்லலாம்" என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். கதவோரம் நின்றிருந்த அவருடைய மனைவிதான் வாய் திறந்தார்.

"போன்ல பாத்து ஒரு சாமான் வரவழைச்சமுங்க. ரெண்டு பேரும் பேசித்தானுங்க வாங்கினோம். எப்படிப் பண்றதுன்னு கேக்கறதுக்குத்தான் ஒரு ஆளு இல்லீங்க..."

அந்த அம்மணி சொன்ன கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கேட்க ஆள் இல்லை. அதுதான் நோய்க்கு மூலம்!

"குடும்பப் பத்திரிகையில் இதெல்லாமா எழுதுவது?" என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பல வருஷங்களுக்கு முன்னால் நான் பார்த்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று உள்ளே போய் மாட்டிக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் பேதி மாத்திரையை விழுங்கியபடி படுத்துக் கிடந்திருக்கிறான். என்னிடம் வரும்போது காய்ச்சல், வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. நான் கையே வைக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினேன். குடல் ஓட்டை! உயிர் பிழைத்தான். ஆனால் வயிற்றில் துளை போட்டு, மலம் பையில் இறங்குகிற மாதிரி வைத்து, பல மாதம் அந்தப் பையோடு நடமாடினான்.

"ஏப்பா, மொத நாளே போயிருக்கலாமல்ல?"

"சிரிப்பாங்கன்னுதானுங்க..."

வெட்கம் ஒரு மனிதனின் குடலை இத்தனை பாடு படுத்தலாம் என்றால், அதைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? திருமணமானவர்களும் வயது வந்தவர்களும் படித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யுங்கள் என்று நான் யாரையும் தூண்டவில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு மடைகள்

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஆசனவாயின் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதற்கு மேலே மலக்குடல், சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை. இந்தக் குழாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். திருமூர்த்தி அணையில் ஷட்டரைத் திறப்பது அதிகாரிகள் கையில். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு வயல் மடையைத் திறப்பது நம் கையில். ஆசனவாயும் அப்படித்தான். வெளித்தசை நம் சொல் கேட்கும். வேண்டும்போது இறுக்கலாம், தளர்த்தலாம். உள்தசை நம் உத்தரவுக்குக் கட்டுப்படாது. அதற்கு அதன் முறை வர வேண்டும். பயந்தால் இறுகும், அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும், நிதானமாக இருந்தால் தானே தளரும். வயல் மடையைத் திறந்துவிட்டு, 'அணை ஏன் திறக்கலை?' என்று கடப்பாரையைத் தூக்கினால் என்ன ஆகும்? கிழிசல்தான்!

இன்னும் மூன்று விஷயங்கள்.

ஒன்று, பெண்ணுறுப்பு உணர்ச்சிவசப்படும்போது தானே ஈரமாகும். ஆசனவாய் அப்படி ஆகாது. அதற்குச் சொந்தமாக வழுவழுப்பு கிடையாது. உள்சவ்வும் மிக மெல்லியது.

இரண்டு, மலக்குடல் நேர்க்குழாய் இல்லை. ஆசனவாய்க்கு மேலே ஒரு தசை கவண் வார் மாதிரி அதை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு வளைவு. அதற்கு மேலேயும் வளைவு உண்டு. நேராகக் குத்தினால் சுவரில்தான் இடிக்கும்.

மூன்று, ஆசனவாயின் கீழ்ப்பகுதியில் உணர்ச்சி நரம்புகள் ஏராளம். ஊசி முனை பட்டாலும் தெரியும். மேலே மலக்குடலிலோ கீறினால்கூட அவ்வளவாக வலி தெரியாது. 'வலிக்கவே இல்லீங்களே' என்று சொல்கிறவருக்கும் உள்ளே காயம் இருக்கலாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் அறியாததா?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது 32 வகைப் புற மருத்துவங்களைப் படித்தோம். அதில் பீச்சு என்று ஒன்று உண்டு. இன்றைக்கு இனிமா என்கிறோமே, அதுதான். வர்த்தி என்று ஒன்று உண்டு. மருந்தைத் திரி போல உருட்டி வைப்பது. ஆக, ஆசனவாய் வழியாக ஒன்றைச் செலுத்துவது நம் வைத்தியத்துக்குப் புதிதில்லை. ஆனால் எதையும் காய்ந்தபடி செலுத்தச் சொல்லவில்லை, வேகமாகச் செலுத்தவும் சொல்லவில்லை. எண்ணெய் தடவி, இளஞ்சூடு பார்த்து, நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை விடச் சொல்லி மெல்ல மெல்ல... இந்த வரிசை முக்கியம்.

பத்து வாயுக்களில் அபானன் கீழ்நோக்கிப் போகிறவன். மலம், சிறுநீர், சுக்கிலம் மூன்றையும் வெளியேற்றுவது அவன் வேலை. அவனை எதிர்த்து முட்டி மோதினால் அவஸ்தை என்பது சித்தர்கள் கண்ட கணக்கு. நவீன வைத்தியம் தசை என்று சொல்கிறது, நாம் வாயு என்று சொல்கிறோம். இரண்டு பேரும் சொல்கிற புத்தி ஒன்றுதான்: தள்ளாதே, காத்திரு!

அறுவை மருத்துவர்களிடமும் இதே பாடம் உண்டு. ஆசனவாய் அடைபட்டுப் பிறக்கிற குழந்தைக்கு அறுவை செய்து வழி உண்டாக்குவார்கள். பிறகு அந்த வழி சுருங்காமல் இருக்க வழவழப்பான உலோகக் கம்பி போன்ற டைலேட்டரை வைத்து விரிப்பார்கள். எப்படி? ஒரே நாளில் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில், வாரக் கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கைதேர்ந்த டாக்டருக்கே அந்தப் பொறுமை வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாமா?

இதையே வியாபாரமாக்கிப் பொய் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1890-களில் 'டாக்டர் யங்' என்பவர் பெயரில் நான்கு அளவுகளில் ஆசனவாய் டைலேட்டர்கள் விற்பனைக்கு வந்தன. மலச்சிக்கலில் ஆரம்பித்து ஊரில் உள்ள வியாதி எல்லாம் தீரும் என்று விளம்பரம்! 1940-ல் அரசாங்கமே அந்தச் சரக்கைப் பறிமுதல் செய்தது. பொய் விளம்பரம், சொன்னபடி உபயோகித்தால் உடம்புக்கும் ஆபத்து என்பது குற்றச்சாட்டு. இன்றைக்கும் 'புராஸ்டேட் வியாதி தீரும்', 'ஆண்மை பெருகும்' என்று எழுதி விற்கிறார்களே, அந்த வார்த்தைகளை நம்பி ஒரு பைசா கொடுக்காதீர்கள். சுகத்துக்கு வேண்டுமானால் சுகத்துக்கு என்று வாங்குங்கள். மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்?

மூலம், வெடிப்பு, பவுத்திரம், சீழ்க்கட்டி உள்ளவர்கள், மலத்தில் ரத்தம் போகிறவர்கள், குடல் புண் நோய்க்காரர்கள், ஆசனவாயில் சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பேதியாகிறவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற இருதய நோயாளிகளும் சர்க்கரை முற்றிக் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்களும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டாக வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களுக்கு முழுக்கவே கூடாது.

இன்னொருவரும் இந்தப் பட்டியலில் உண்டு: மனசு இல்லாதவர். 'போன்ல எல்லாரும் பண்றாங்க, நீ மட்டும் என்ன?' என்று மனைவியை நெருக்குகிற கணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஐயா, அந்தப் படத்தில் நடிக்கிறவர்கள் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வருகிறார்கள். வலித்த இடத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறார்கள். அதை வாழ்க்கை என்று நம்பலாமா? வீட்டுக்காரி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நேற்று சரி என்றவர் இன்றைக்கு வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். பயந்த மனசுக்குத் தசை தளராது. கட்டாயப்படுத்தினால் காயம் நிச்சயம்.

'சட்டப்படி தப்பில்லீங்களா?' என்று ஒருவர் காதோடு கேட்டார். 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வயது வந்தவர்கள் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. சம்மதம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கருவி விஷயத்திலும் ஒரு வழக்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உடல் மசாஜ் கருவிகளைச் சுங்க அதிகாரிகள் ஆபாசப் பொருள் என்று பிடித்து வைத்தார்கள். 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

எந்தப் பொருளைத் தொடலாம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்: அடிப்பாகம் அகலமாக இல்லாத எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள்.

ஏன்? பெண்ணுறுப்புக்கு உள்ளே கருப்பைவாய் ஒரு முட்டுச்சுவர். மலக்குடலுக்கு அப்படி முட்டுச்சுவர் இல்லை. மேலே குடல் தொடர்ந்துகொண்டே போகிறது. பொருள் உள்ளே போனதும் சுருக்குத் தசை பின்னால் மூடிக்கொள்ளும். வழுவழுப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விரல் நுனியில் இருந்தது அடுத்த நொடி கைக்கு எட்டாது. காபி டம்ளருக்கு அடித்தட்டு மாதிரி, உள்ளே போகிற பாகத்தைவிட நன்றாக அகன்ற, உறுதியான அடிப்பாகம் இருந்தால்தான் அது வெளியிலேயே நின்றுகொள்ளும். சின்னப் பந்து மாதிரி உருண்டைகள், அகலம் இல்லாத வைப்ரேட்டர்கள் இதற்கு உதவாது.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து டாக்டர்கள் இரண்டு பேர், மலக்குடலில் சிக்கிய பொருட்களைப் பற்றி உலகம் முழுக்க வந்த செய்திகளைத் திரட்டி 1986-ல் 'சர்ஜரி' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மின்விளக்கு பல்பு, டார்ச் லைட், கத்தி தீட்டும் கருவி, மூக்குப்பொடி டப்பா, காய்கறிகள், மூக்குக் கண்ணாடி, பெட்டிச் சாவி! 1995-ல் அந்தக் கட்டுரைக்கு வேடிக்கை நோபல் எனப்படும் 'இக் நோபல்' பரிசே கொடுத்துவிட்டார்கள். உலகம் சிரித்தது. மாட்டிக்கொண்டு கிடந்தவர் சிரித்திருப்பாரா?

எனவே சமையலறைச் சாமான், கேரட், வெள்ளரிக்காய், மெழுகுவர்த்தி, பேனா, பாட்டில் எதுவும் வேண்டாம். காய் உடையும். கண்ணாடிப் பாட்டில் உள்ளே காற்றை வெற்றிடமாக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உடைந்தால் கதி என்ன?

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: சிலிக்கோன் அல்லது துருப்பிடிக்காத எஃகு நல்லது. இவற்றில் நுண்துளை இல்லை, கிருமி ஒளிந்துகொள்ள இடமில்லை, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம். ஜெல்லி மாதிரி பிசுபிசுத்து, ரசாயன நாற்றம் அடிக்கிற மலிவு பிளாஸ்டிக்கை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. ஓரத்தில் பிசிறு, தையல் வரி இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள். விரலை உறுத்தினால் உள்ளே நிச்சயம் கீறும்.

தரநிர்ணயமும் வந்துவிட்டது. பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் படுகிற கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு 2021-ல் 3533 என்ற எண்ணில் விதி வகுத்தது. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பே இல்லை.

அளவு? முதல் முறை வாங்குகிறவர்களுக்குச் சுட்டுவிரல் பருமன் போதும், மிஞ்சினால் இரண்டு விரல். நீளம் 10 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பெரிசை வாங்கினால்தான் காசுக்கு மதிப்பு என்று நினைக்காதீர்கள். இது தேங்காய் வாங்குகிற கணக்கு இல்லை!

எண்ணெயா, ஜெல்லியா?

எச்சில் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். போதாது. சில நிமிடத்தில் காய்ந்துவிடும். சோப்பு, ஷாம்பு, மெந்தால் கலந்த தைலம், வலி நிவாரணித் தைலம்... கேட்கும்போதே எரிகிறதல்லவா? வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்!

மருந்துக் கடையில் தண்ணீரில் கரையும் ஜெல்லி கிடைக்கும். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவுகிற ஜெல் இல்லை, இதற்கென்றே உள்ளது. வாசனை, சூடு, குளிர்ச்சி சேர்த்தது வேண்டாம். காய்ந்தால் மறுபடி தாராளமாகத் தடவுங்கள். சிலிக்கோன் ஜெல்லி நீண்ட நேரம் நிற்கும். ஆனால் சிலிக்கோன் கருவியோடு சேர்ந்தால் கருவியின் மேல்பரப்பைக் கெடுக்கலாம்.

நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே? நானும் எண்ணெய் வைத்தியன்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ரப்பர் ஆணுறைக்கு எண்ணெய் எதிரி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எது பட்டாலும் சில நிமிடத்திலேயே ரப்பர் பலம் இழந்து கிழியும். ஆணுறை உபயோகிக்கிற அன்றைக்கு எண்ணெய்ப் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.

மரத்துப்போகிற களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மூலத்துக்குத் தடவுகிற ஆயின்மென்டில் சிலவற்றில் மரத்துப்போகிற மருந்து இருக்கிறது. வலி என்பது காவல்காரன். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டால் களவு போகாதா? சாராயம் குடித்துவிட்டுச் செய்வதும் அதே கதைதான்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு...

மலச்சிக்கல் இருக்கிற அன்றைக்கு வேண்டாம். இயல்பாக மலம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வெளிப்பக்கம் கழுவினாலே பெரும்பாலும் போதும். இனிமா கட்டாயமில்லை. வேண்டுமென்றால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், சின்ன ரப்பர் பல்பு அளவு போதும். சோப்புத் தண்ணீர் கூடாது. தினமும் இனிமா எடுத்தால் உள்சவ்வு புண்ணாகும். கக்கூஸில் இருக்கும் பீய்ச்சுக் குழாயை உள்ளே செருகுவது ஆபத்து. அந்த வேகத்தைக் குடல் தாங்காது.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கருவிக்கு முன்னால் விரல். ஜெல்லி தடவிய விரலை ஆசனவாயின் வெளியே வைத்து அழுத்தாமல் சற்று நேரம் இருங்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தால் தசை நன்றாகத் தளரும். மூச்சை இழுத்து, மெல்ல விடும்போது மலம் கழிப்பது போல லேசாகக் கீழே முக்குங்கள். வெளி மடை திறக்கும். இப்போது ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். உள் மடை தானாக வழிவிடும். தொப்புள் திசையில் சற்றுச் சாய்த்தபடி மெதுவாகப் போகட்டும், பிறகு வளைவுக்கு ஏற்ப விட்டுக்கொடுங்கள். முட்டுகிற இடத்தில் தள்ளாதீர்கள்.

ஒரு நாள் விரலோடு நிறுத்திக்கொண்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த நாள் சின்னக் கருவி. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். அதை வைத்துக்கொண்டே தூங்குவது, வேலைக்குப் போவது எல்லாம் கூடாது. எடுக்கும்போதும் அதே நிதானம்; வெடுக்கென்று இழுத்தால் போகும்போது வராத காயம் வரும்போது வரும்.

யார் உடம்போ அவர் கையில்தான் கட்டுப்பாடு. அவர் 'போதும்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். லேசான இறுக்கம், மலம் வருகிற மாதிரி உணர்வு இரண்டும் சகஜம். சுருக்கென்று குத்துகிற வலி சகஜம் இல்லை. ஜெல்லியில் ரத்தம் தெரிந்தால் அன்றோடு கடை கட்டுங்கள்.

சுத்தம்

ஆசனவாயில் பட்டது பெண்ணுறுப்பில் படவே கூடாது. விரலானாலும் சரி, கருவியானாலும் சரி. மலக்கிருமி அங்கே போனால் வெள்ளைபடுதல், நீர்க்கடுப்பு என்று மனைவிதான் அவதிப்படுவார். கருவிக்கு ஆணுறை மாட்டிக்கொண்டால் வேலை சுலபம். இடம் மாறும்போது ஆணுறையை மாற்றுங்கள். ஒருவர் உபயோகித்ததை மற்றவர் அப்படியே உபயோகிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி வைரஸ் எல்லாம் பரவும். மஞ்சள்காமாலை பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, மோட்டார் இல்லாத சிலிக்கோன், எஃகு கருவிகளைச் சில நிமிஷம் கொதிக்க வைத்து, காயவைத்து, சுத்தமான துணிப்பையில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

உள்ளே போய்விட்டால்?

பதற வேண்டாம். முக்கி முக்கித் தள்ளாதீர்கள். பேதி மாத்திரை, விளக்கெண்ணெய், இனிமா எதுவும் வேண்டாம். பொருள் குடலைக் குத்தலாம். இடுக்கி, கரண்டி, கம்பி எதையும் விடாதீர்கள். கைவைத்தியமும் வேண்டாம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்கு என்னிடம் சூரணம் கிடையாது!

நேராக அறுவை மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வழி இருக்கிறது. வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி, வயிறு இறுகுதல், நிற்காத ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தினால், பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடுவார்கள். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். என்ன பொருள், எத்தனை மணிக்கு என்று உண்மையைச் சொல்லுங்கள். 'வழுக்கி விழுந்தப்ப உள்ளே போயிருச்சுங்க' என்று கதை சொன்னால் டாக்டருக்கு நேரம்தான் வீண். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. அது மருத்துவ நெறிமுறையிலேயே இருக்கிறது.

இந்தச் சமயத்தில் மில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் துணியில் ஒட்டிய பஞ்சைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்கிறோம். விளையாட்டு என்று அந்தக் குழாயைக் கூட வேலை செய்கிற பையனின் பின்பக்கம் வைத்துவிடுகிறார்கள். துணிக்கு மேலே வைத்தாலும் காற்று உள்ளே பாய்ந்து, ஒரு நொடியில் குடல் பலூன் மாதிரி வெடித்துவிடும். இப்படி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அது விளையாட்டு இல்லை, கொலை!

அந்தத் தம்பதி?

அவருக்கு நான் கொடுத்தது சாதாரண வைத்தியம்தான். மலம் கழித்த பின் தினம் இரண்டு வேளை, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டப்பில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னேன். ராத்திரி திரிபலா சூரணம். கம்மங்கூழ், கீரை, நிறையத் தண்ணீர். காரத்துக்கு விடுமுறை. புதிய வெடிப்பு இப்படிச் சில வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். இந்த முறை பகலிலேயே வந்தார்கள். வெடிப்பு ஆறியிருந்தது. வாங்கிய சாமானைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து காட்டினார்கள். அடிப்பாகமே இல்லாத, நாற்றமடிக்கிற பிளாஸ்டிக். "இதைக் குப்பையில போடுங்க" என்றேன்.

"மறுபடியும் பண்ணலாமுங்களா?" என்று கேட்டது அந்த அம்மணிதான்.

"உங்களுக்கு மனசு இருந்தா, நான் சொன்ன மாதிரி பண்ணுங்க. இல்லாட்டி விடுங்க. ரெண்டுமே தப்பில்லை" என்றேன்.

கணவர் சிரித்தார். வெட்கம் இருந்தது, ஆனால் தலை குனியவில்லை. வாசகர்களே, எனக்கு வேண்டியது அதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தால், ராத்திரி ஒன்பது மணி வரை பெஞ்சில் காத்திருக்காதீர்கள். காயம் படுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பட்டுவிட்டால், அன்றைக்கே போங்கள்!